மூட்டை ஏன் தோளுக்குப் போகிறது?

வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் போய் நின்றால், மீன் கூடைகள் தலையில் ஏறிப் போவதைப் பார்க்கலாம். ராயபுரம் பக்கத்துக் கிடங்குகளில் மூட்டைகள் தோளிலும் முதுகிலும் போகும். ஆனால் 50 கிலோ மூட்டையை, முழங்கையை மடக்கி, உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டு நடப்பவர் யாருமில்லை. உரமேறிய கைகள் இருந்தும் ஏன் அப்படித் தூக்குவதில்லை? விடை முழங்கையில் இருக்கிறது. வாருங்கள், நம் கையைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிப்போம்.

மூன்று எலும்பு, இரண்டு அசைவு

முழங்கையில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. மேலிருந்து வருவது மேற்கை எலும்பு. கீழே முன்கையில் இரண்டு: சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். மேசையில் ஊன்றும்போது கூராக இடிக்கிறதே, அது அல்னாவின் மேல்முனை. அது கொக்கியாக வளைந்து மேற்கை எலும்பைக் கவ்விக்கொண்டிருக்கிறது. கதவுக் கீலைப் போல மடங்கவும் நீளவும் மட்டுமே அது விடும். அதனால் இதற்குக் கீல் மூட்டு என்று பெயர்.

இப்போது முழங்கையை மடக்கி, விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புங்கள். பிறகு தரை பார்க்கத் திருப்புங்கள். கீலால் இது முடியாது! ரேடியஸின் வட்டமான தலை, தன்னைச் சுற்றியுள்ள ஒரு நார் வளையத்துக்குள் சுழல்கிறது. கை கவிழும்போது ரேடியஸ், அல்னாவின் மேல் குறுக்கே போய்ப் படுக்கிறது. இது முளை மூட்டு. சாவி திருப்புவதும், சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதும் இதன் தயவால்தான்.

முழங்கையின் உட்பக்க மேட்டில் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'சுர்'ரென்று ஷாக் அடிக்கும். அடிபட்டது எலும்பல்ல. அந்த மேட்டின் பின்னால், தோலுக்குச் சற்றே கீழே ஓடும் அல்னா நரம்பு.

இழுக்க மட்டுமே தெரிந்த தசை

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் மடக்க ஓர் அணி, நீட்ட ஓர் அணி தேவைப்படுகிறது. மேற்கையின் முன்பக்கமுள்ள இருதலைத் தசையும் அதன் கூட்டாளிகளும் மடக்குகின்றன. பின்பக்கமுள்ள முத்தலைத் தசை நீட்டுகிறது.

இருதலைத் தசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. முழங்கையை மடக்கி வைத்து, அந்தத் தசையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையை வேகமாக மேல்நோக்கித் திருப்புங்கள். தசை இறுகுகிறதா? எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வண்டித் தொழிற்சாலைகளில் வலது கையால் ஸ்குரூவை முறுக்கி ஏற்றுபவருக்கு உதவுவது இந்தத் திருப்பல்தான்.

ஒரு வாளிக்கு ஏழு வாளி

முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். இருதலைத் தசையின் நாண், மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தூரத்தில் ரேடியஸில் ஒட்டியிருக்கிறது. பெரியவர் ஒருவரின் உள்ளங்கையோ மூட்டிலிருந்து சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. பளு ஏழு மடங்கு தூரத்தில் இருப்பதால், தசை ஏழு மடங்கு விசையோடு இழுக்க வேண்டும். முன்கையைக் கிடைமட்டமாக வைத்து 10 கிலோவை ஏந்தினால், மடக்கும் தசைகள் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. 50 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

சோதனையும் செய்யலாம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை உள்ளங்கையில் ஏந்துங்கள். பிறகு முன்கையின் நடுவிலும், அதன்பின் முழங்கைக்குப் பக்கத்திலும் வையுங்கள். முழங்கையை நெருங்க நெருங்கப் பளு குறைவதாகத் தோன்றும். சுமை தோளுக்கு ஏறிவிட்டாலோ முழங்கையின் தசைகளுக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. முதுகெலும்பும் கால்களும் எடையைத் தாங்கிக்கொள்கின்றன. மூட்டை தூக்கும் தொழிலாளிகள் அனுபவத்தில் கற்ற நெம்புகோல் பாடம் இது.

இழந்ததற்குக் கிடைத்தது

விசையை இழந்து நாம் பெற்றது வேகம். தசை 1 செ.மீ. சுருங்கினால் உள்ளங்கை ஏறத்தாழ 7 செ.மீ. நகர்ந்துவிடும். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகள் வளர்த்த வடசென்னைக் குத்துச்சண்டையைப் பாருங்கள். காலும் இடுப்பும் தந்த பலத்தோடு முத்தலைத் தசை முழங்கையைச் சட்டென்று நீட்ட, முஷ்டி கண்ணிமைப்பதற்குள் எதிராளியை எட்டிவிடுகிறது.

தெருக் கிரிக்கெட்டில் "மாங்கா போடுறான்!" என்று சண்டை வருவதும் இதனால்தான். மடங்கிய முழங்கையை நீட்டி எறிந்தால் பந்துக்கு அதிக வேகம் கிடைக்கும்; ஆனால் அப்படி எறிய விதி இடம் தராது. கண்டியில் பிறந்த இலங்கைப் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனுக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நீளாது. 1995 டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் ஒருவர், எறிகிறார் என்று அவர் பந்துகளை 'நோ-பால்' என்றார். பிறகு அதிவேகக் கேமராக்களால் அளந்தபோது, பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கையும் சற்று நீள்வது தெரிந்தது. 2005 முதல் 15 பாகை வரை நீளலாம் என்று விதி வந்தது. முரளி 2010இல் 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

விழுந்தால் என்ன செய்வது?

கீழே விழும்போது கை தானாக நீண்டு தரையில் ஊன்றும். அப்போது முழங்கைக்குச் சற்று மேலே, மேற்கை எலும்பு தட்டையாக மெலியும் இடம் முறியலாம். சிறு பிள்ளைகளுக்கு முழங்கைப் பக்கம் ஏற்படும் முறிவுகளில் இதுவே மிக அதிகம். முன்கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அதை ஒட்டித்தான் ஓடுகிறது. எண்ணெய் போட்டு நீவி இறுக்கக் கட்டினால், ரத்தம் போகாமல் தசைகள் அழிந்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடக்கூடும்.

எனவே கையை நேராக்க முயலாமல், இருக்கிற நிலையிலேயே தாங்கிப் பிடித்து, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். வடசென்னையிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 1970களில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைத் துறையால் நாடெங்கும் பெயர் பெற்றது அது. விரல்கள் வெளுத்தாலோ, மரத்தாலோ, நீட்ட முடியாமல் வலித்தாலோ அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். பயந்து வீட்டில் மறைக்காதீர்கள். சீக்கிரம் போனால் கை பழையபடி ஆகிவிடும் வாய்ப்பு மிக அதிகம்.