பெட்டியில் வரும் இருமல் பாணி

மொன்றியலில் குளிர் இறங்கி, டேகேரில் ஒரு பிள்ளை இருமினால் போதும். பார்க் எக்ஸ்டென்ஷனில் வீட்டுக்கு வீடு இருமல்தான். பார்மசியில் கேட்டால் "இந்த வயதுக்கு ஒன்றும் வேண்டாம்" என்பார்கள். அப்போதுதான் அம்மம்மா ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பாணிப் போத்தல் நினைவுக்கு வரும்.

ஏன் தர மறுக்கிறார்கள்?

சீட்டில்லாமல் விற்கும் இருமல், சளி மருந்துகளை 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று கனடா சுகாதாரத் துறை 2008 டிசம்பரில் அறிவித்து, லேபிளிலும் போடவைத்தது. சிறு பிள்ளைகளுக்கு இவை பலன் தருவதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அளவு கூடினாலோ வலிப்பு வரை போகும்.

சுங்குவார்சத்திரத்துப் போத்தல்

2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராப் பகுதியில் 20க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற இருமல் பாணி, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் நிறுவனம் தயாரித்தது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது எஸ்.ஆர்-13 தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6% இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1%.

மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால் கலப்படமாக இருந்தால் இந்த நஞ்சு உள்ளே வந்துவிடும். இதுவும் இனிக்கும் என்பதால் ருசித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. 2022இல் காம்பியாவில் சுமார் 70 பிள்ளைகள் இறந்ததும் இப்படித்தான்.

கோல்ட்ரிஃப் ஏற்றுமதியாகவில்லை என்று இந்தியா உலக சுகாதார அமைப்பிடம் சொன்னது. நம்முடைய பயணப் பெட்டி அந்தக் கணக்கில் வராதே! கனடாவில் அனுமதி பெற்ற மருந்தில் 8 இலக்க டி.ஐ.என். எண் இருக்கும், பெட்டியில் வந்ததில் அது இராது.

நல்ல போத்தலிலும் ஒரு சிக்கல்

ஊர்ச் சளிப் பாணிகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். இங்கே டைலனாலில் அசெட்டமினோஃபென் என்று எழுதியிருப்பதும் அதே மருந்துதான். காய்ச்சலுக்கு இது, இருமலுக்கு அது என்று இரண்டையும் கொடுத்தால் அளவு மீறி ஈரலைத் தாக்கலாம்.

வேறென்ன கொடுப்பது?

ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன். அதற்கு முன் தேன் கூடவே கூடாது. பொட்டுலிசம் என்ற நரம்பு நோய் வரலாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு.

எப்போது ஓட வேண்டும்?

மூச்சிழுக்கையில் விலா உள்வாங்கினால், உதடு நீலமானால் 911. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பாணி குடித்தபின் வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்தால் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். கியூபெக் நச்சு மையத்தின் எண் 1-800-463-5060; மற்றச் சந்தேகங்களுக்கு 811. அலமாரியில் மிஞ்சியிருக்கும் பாணியைச் சிங்கில் ஊற்றாமல் பார்மசியில் ஒப்படைக்கலாம்.