இரவு உணவை விடலாமா?

இரவு எட்டு மணிக்குமேல் வியாசர்பாடித் தெருக்களில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? பகல் முழுதும் மணலியிலும் எண்ணூரிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள் பேருந்திலும் மின்வண்டியிலும் வந்து இறங்கும் நேரம் அது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்த அத்தோ என்னும் உணவு, தெருவோரத் தள்ளுவண்டிகளில் வெங்காய மணத்துடன் தயாராகிக் கொண்டிருக்கும். வீடுகளில் குழம்பு கொதிக்கும். ஒன்பதரை மணிக்குச் சோறு, பத்தரை மணிக்கு உறக்கம் என்பதே பல குடும்பங்களின் வழக்கம்.

இத்தகைய ஊரில் ஆசிரியனாக இருக்கும் என்னிடம் ஒரு மாணவர் கேட்டார்: "சார், இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டால் உடம்புக்கு நல்லது என்கிறார்களே, உண்மைதானா?" இக்காலத்தில் பலர் வாயிலும் வழங்கும் 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்' என்னும் இடைவிட்ட நோன்பைப் பற்றியே அவர் கேட்டார். நாளின் சில மணி நேரத்திற்குள் உணவை முடித்துக்கொண்டு, எஞ்சிய நேரம் முழுதும் நீர் தவிர வேறொன்றும் கொள்ளாதிருத்தலே இந்நோன்பு. அதில் ஒரு வகைதான் இரவு உணவை நீக்குதல். அந்த மாணவருக்கு நான் அன்று சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையை இன்று சொல்ல முயல்கிறேன்.

முதலில், இது புதிய வழக்கமா? அன்று. தமிழ்ச் சமணர்கள் கதிரவன் மறைந்தபின் உண்ணாமையை ஓர் அறமாகவே போற்றி வந்திருக்கிறார்கள். புத்தத் துறவிகள் நண்பகலுக்குப்பின் திட உணவு கொள்வதில்லை. ஏகாதசி நோன்பையும் ரமலான் நோன்பையும் நாம் அறிவோம். 'லங்கணம் பரம ஔஷதம்' என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொன்ன பழமொழி. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே மூலிகைகளின் பட்டியல் இராது. முன்பு உண்டது செரித்ததா என்று அறிதல், அளவு அறிதல், பசி அறிதல் ஆகியவையே அங்குப் பெரிதும் பேசப்படுகின்றன. ஆகவே, வழக்கம் பழையது. அதற்கு இன்று கூறப்படும் காரணங்களே புதியவை.

அக்காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம். நாம் உண்ட சோறு குடலில் செரித்துக் குளுகோஸ் என்னும் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலின் என்னும் சுரப்பை வெளியிடுகிறது. அந்த இன்சுலினே சர்க்கரையை உடலின் அணுக்களுக்குள் செலுத்துகிறது. மிகுந்த சர்க்கரையில் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்னும் உருவில் கல்லீரலில் சேமிக்கப்படும். அந்தச் சேமிப்பு ஏறக்குறைய 100 கிராம் அளவுதான். அதற்கும் மேற்பட்டது கொழுப்பாக மாறும். உணவு கொள்ளாத நேரத்தில் கல்லீரல் தன் சேமிப்பைச் சிறிது சிறிதாகக் குருதிக்கு வழங்குகிறது. பல மணி நேரம் சென்று அச்சேமிப்பு குறையக் குறைய, உடல் தன் கொழுப்பை மிகுதியாக எரிக்கத் தொடங்குகிறது. இரவு பத்து மணிக்கு உண்டு காலை ஏழு மணிக்கு மீண்டும் உண்பவருக்கு இடைவெளி ஒன்பது மணி நேரமே. மாலை ஐந்து மணியோடு நிறுத்திக் காலை எட்டு மணிக்கு உண்பவருக்கோ அது பதினைந்து மணி நேரம். இது முதற் காரணம்.

இரண்டாம் காரணம், நம் உடலுக்குள் ஓடும் கடிகாரம். மூளையில் ஒரு தலைமைக் கடிகாரம் உண்டு. அது ஒளியைக் கொண்டு பகலையும் இரவையும் அறிகிறது. கல்லீரல், கணையம் முதலிய உறுப்புக்களிலும் கிளைக் கடிகாரங்கள் உள்ளன. இக்கடிகாரம் இயங்கும் முறையைப் பழ ஈக்களைக் கொண்டு ஆராய்ந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் மூவர் 2017ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். இரவு நெருங்கும்போது உறக்கத்திற்குரிய மெலடோனின் என்னும் சுரப்பு மிகுகிறது. உணவுச் சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் தளர்கிறது. அதனால், காலையில் உண்ட அதே அளவுச் சோற்றை இரவில் உண்டால், குருதியில் சர்க்கரை பொதுவாக மிகுதியாக ஏறுகிறது. உண்டவுடன் படுப்பவருக்கு இரைப்பைப் புளிப்பு மேலெழுந்து நெஞ்செரிச்சல் தருவதும் உண்டு. உணவுக்கும் உறக்கத்திற்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரமாவது வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவது இதனாலேயே.

காரணம் பொருத்தமாக இருந்தால் மட்டும் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? அமெரிக்காவில் சால்க் நிறுவனத்தைச் சேர்ந்த சச்சிதானந்த பாண்டாவும் அவருடைய குழுவினரும் 2012ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொழுப்பு மிகுந்த ஒரே வகை உணவை எலிகளுக்கு அளித்தார்கள். சில எலிகள் எந்நேரமும் உண்டன; சில எலிகள் எட்டு மணி நேரத்திற்குள் மட்டுமே உண்டன. இரண்டாம் வகை எலிகள் அவ்வளவாகப் பருக்கவில்லை. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, நீரிழிவின் வாயிலில் நின்ற எட்டு ஆடவர்களைப் பற்றியது. அவர்கள் பிற்பகல் மூன்று மணிக்குள் அன்றைய உணவை முடித்துக்கொண்டார்கள். ஐந்து வாரத்தில் எடை குறையாவிட்டாலும், இன்சுலின் முன்னைவிட நன்றாகப் பயன்பட்டது. குருதி அழுத்தமும் தணிந்தது.

இவ்வளவோடு நான் நிறுத்திவிட்டால் அது நேர்மை ஆகாது. 2022இல் சீனாவின் குவாங்சோ நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. உடல் பருத்த 139 பேர் ஓராண்டுக் காலம் உணவின் அளவைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒரு பிரிவினர் காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை மட்டுமே உண்டார்கள். மற்றப் பிரிவினருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆண்டு முடிவில் இரு பிரிவினரும் இளைத்தார்கள். இரண்டுக்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, எடையைக் குறைப்பதில் நேரத்தைவிட அளவே முதன்மையானது என்று அந்த ஆய்வு காட்டுகிறது. இரவு உணவை விட்டவர் இளைப்பதற்குப் பெரும்பாலும் காரணம், ஒரு வேளை உணவு குறைந்ததே.

இன்னொரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். பட்டினி கிடந்தால் அணுக்கள் தம் பழுதுபட்ட பகுதிகளைத் தாமே உண்டு புதுமை பெறும் என்றும், அதற்கு நோபெல் பரிசே கிடைத்தது என்றும் சிலர் கூறுவர். ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி 2016இல் அப்பரிசு பெற்றது உண்மையே. ஆனால், அவர் பட்டினி போட்டு ஆராய்ந்தது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை. இரவுச் சோற்றை விட்ட மனிதர் நெடுநாள் வாழ்வார் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

மாணவர் கேட்டபோது இத்தனையும் எனக்குத் தெரியாது. 'சொல்வதற்குமுன் செய்து பார்ப்போமே' என்று நான்கு வாரம் நானே முயன்றேன். காலை எட்டு மணிக்கு இட்லி, பகல் பன்னிரண்டரைக்குச் சோறு, மாலை நான்கரைக்குச் சுண்டலும் ஒரு பழமும். அதன்பின் நீர் மட்டுமே. முதல் ஐந்து நாள் தலைவலி. இரவு எட்டரை மணிக்கு, அண்டை வீட்டில் மீன் வறுக்கும் மணம் எழும்போது, பசி உச்சத்தை அடையும். வியப்பு என்னவென்றால், அரைமணி நேரம் பொறுத்தால் அப்பசி தானே அடங்கும். இரண்டாம் வாரத்தில் நெஞ்செரிச்சல் நின்றது. காலையில் உடம்பு இலேசாக இருந்தது. நான்காம் வார முடிவில் இரண்டு கிலோ குறைந்திருந்தேன். ஆனால், எங்கள் வீட்டில் நால்வரும் ஒருங்கே அமர்வது இரவு உணவின்போதுதான். அங்கே ஒரு குவளைச் சீரக நீருடன் அமர்ந்திருந்த என்னைப் பார்த்து, "நீங்கள் இப்படி உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு எப்படி இறங்கும்?" என்று என் மனைவி கேட்டாள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

இரவு உணவு நம்மிடையே இவ்வளவு பெரிதானதற்கு ஒரு வரலாறு உண்டு. எங்கள் பகுதிக்கு அருகே பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. மக்கள் அவற்றைப் 'பின்னி மில்' என்பார்கள். சுற்றுப்புறக் குடும்பங்கள் பல அந்த ஆலையை நம்பி வாழ்ந்தன. 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலையில் ஓர் ஆடவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்க இடம் தந்தது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. நண்பகல் உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது அத்தொழிலாளர்கள் எடுத்துரைத்த குறைகளுள் ஒன்று. பகலில் ஆற அமர உண்ண இயலாதவர், இரவில்தானே வயிறார உண்ண முடியும்? இரவில் வடித்த சோற்றில் மிகுந்ததற்கு நீர் ஊற்றி வைத்தால், மறுநாள் காலைக்கு அதுவே பழைய சோறு. ஒரு பானை இரண்டு வேளைப் பசியைத் தீர்த்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரத்தை வாரத்திற்கு 48 மணி என்று வரையறுத்தது. 1996இல் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. எனினும், முறைமாற்று வேலையும் நெடுந்தொலைவுப் பயணமும் இன்றும் பலரை இரவுச் சோற்றையே நம்பி வாழச் செய்கின்றன. அவர்களிடம், 'இரவில் உண்ணாதீர்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியுமா?

நான் அப்படித்தான் சொல்லிவிட்டேன். என் இளைப்பைக் கண்ட அண்டை வீட்டுப் பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காரணம் கேட்டார். நானும் பெருமையுடன் விளக்கினேன். அவர் நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர் என்பதை நான் கேட்கவில்லை. மறுநாள் அவர் இரவு உணவை விட்டார். இரவு மாத்திரையை மட்டும் விடவில்லை. நள்ளிரவில் அவருடைய மனைவி எங்கள் கதவைத் தட்டினார். "அண்ணே, ஓடி வாங்க! இவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது. ஏதேதோ பேசுறாரு." போய்ப் பார்த்தபோது அவருடைய கைகள் நடுங்கின, நினைவு மட்டும் இருந்தது. சர்க்கரை கரைத்த நீரைக் குடிக்கச் செய்து, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பிழைத்தார். அங்கிருந்த மருத்துவர் எங்களுக்குக் காரணத்தை விளக்கினார். நீரிழிவு மாத்திரைகளுள் சில, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிற்றில் உணவு இல்லாதபோதும் அவை தம் வேலையைச் செய்யும். அப்போது குருதியில் சர்க்கரை அளவுக்குமேல் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவருக்கும் இதே இடர் உண்டு. இத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளை உணவையும் விடலாகாது. அந்த இரவுக்குப் பின்னரே நான் நூல்களைத் தேடிப் படித்தேன்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் இந்நோன்பு ஏற்றதன்று. கருவுற்ற தாய்மாரும், பாலூட்டும் தாய்மாரும், வளரும் இளைஞரும் இதை மேற்கொள்ளலாகாது. பதினைந்து, பதினாறு வயதில் எலும்பும் தசையும் குருதியும் வளர்கின்றன. வியாசர்பாடியில் கால்பந்து ஆடாத தெரு அரிது. மாலை முழுதும் மைதானத்தில் ஓடிவந்த பிள்ளை வெறும் வயிற்றோடு படுத்தால், தேய்ந்த தசையைப் புதுப்பிக்கப் பொருள் எங்கிருந்து வரும்? இளைக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் உணவை விடத் தொடங்கி, பிறகு உணவைக் கண்டாலே அஞ்சும் நோய்க்கு ஆளாகும் இளம் பெண்களும் ஆண்களும் உண்டு.

வேறொன்றையும் எண்ணிப் பாருங்கள். வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்க வழி செய்யப்பட்டது. 1956இல் காமராசர் ஆட்சியில் பகல் உணவுத் திட்டம் மாநிலத்தில் பரவியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இந்த நாடு நூறாண்டாக அறிந்து நடந்திருக்கிறது. விரும்பி நோற்பவர் வேண்டும்போது நோன்பை முடித்துக்கொள்ளலாம். பானையில் சோறு இல்லாதவருக்கு அந்த உரிமை இல்லை. இரண்டையும் 'நோன்பு' என்னும் ஒரே சொல்லால் அழைத்தல் தகாது.

அப்படியானால், அந்த மாணவருக்கு நான் என்ன சொல்வேன்? "தம்பி, இரவு உணவை விடாதே, அதை முன்னே கொண்டுவா. ஏழரை மணிக்குள் உண். அளவாக உண். சோற்றைச் சற்றுக் குறைத்து, பருப்போ முட்டையோ மீனோ காயோ சேர்த்துக்கொள். உண்டபின் நொறுக்குத் தீனியைத் தொடாதே. இரண்டு மணி நேரம் படித்துவிட்டுப் பிறகு படு" என்பேன். நலமுள்ள நடுவயதினர் விரும்பினால், மருத்துவரைக் கேட்டு முயலலாம். முயலும்போது, பகல் உணவில் குறை வையாதிருக்க வேண்டும். தலைச்சுற்றல் கண்டால் உடனே நிறுத்த வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒரு முடிவு கண்டோம். ஒன்பதரை மணிச் சோறு இப்போது ஏழரை மணிக்கு வந்துவிட்டது. நால்வரும் சேர்ந்தே உண்கிறோம். அண்டை வீட்டுப் பெரியவரும் அதே நேரத்தில் உண்டு, மருத்துவர் சொன்னபடி மாத்திரையையும் கொள்கிறார். என்னிடம் எவரேனும் நோன்பைப் பற்றிக் கேட்டால், நான் அவரிடம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?"