இலாப நோக்கற்ற வீட்டுரிமைத் திட்டங்கள்

இலாப நோக்கற்ற வீட்டுரிமைத் திட்டங்கள் என்பவை, சந்தை விலையில் வீடு வாங்கவோ கட்டவோ இயலாத குடும்பங்கள் சொந்த வீடு பெறுவதற்காகத் தொண்டு நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் திட்டங்கள் ஆகும். வாடகைக் குடியிருப்புகளைப் போலன்றி இவற்றில் பயனாளியே வீட்டின் உரிமையாளர் ஆகிறார். இதனால் அக்குடும்பம் மட்டுமன்றி அது வாழும் ஊரும் பயனடைகிறது. தமிழக ஊர்ப்புறங்களில் இப்பயன், வீட்டைவிட அது நிற்கும் மனையின் உரிமையையே பெரிதும் சார்ந்துள்ளது.

மனையுரிமையும் ஊராட்சியும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை (கி.பி. 919, 921). இவை குடவோலை முறையின் விதிகளைக் கூறுகின்றன. ஊர் வாரியங்களுக்குத் தெரிவு செய்யப்படுபவர் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவராகவும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருப்பவராகவும் இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்றாகும். உத்திரமேரூர் அக்காலத்தில் பிரமதேய ஊராக இருந்தது. நிலமற்ற உழைப்பாளர்களுக்கு அச்சபையில் இடமில்லை.

இன்று வாக்களிக்கவோ கிராம சபையில் பேசவோ சொந்த மனை தேவையில்லை. எனினும் பிறர் நிலத்தில் குடிசை அமைத்து வாழ்பவர், அந்நில உரிமையாளரிடம் கூலி உயர்வு கேட்கத் தயங்குவது இயல்பே. வெளியேற்றப்படும் அச்சம் நீங்குவதே வீட்டுரிமையின் முதற்பயன் எனலாம்.

வரலாறு

1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் வினோபா பாவே பூமிதான இயக்கத்தைத் தொடங்கினார். பின்னர் இது, ஊர் நிலத்தின் உரிமையை ஊரே பொதுவாக ஏற்கும் கிராமதானமாக விரிவடைந்தது. தமிழகத்தில் இவ்வியக்கத்தில் முன்னின்றவர்களுள் ச. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் குறிப்பிடத்தக்கவர்கள்.

1968 டிசம்பர் 25 அன்று கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தைத் தொடர்ந்து, தலித் வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசை ஒன்றில் எரித்துக் கொல்லப்பட்டனர். இதன்பின் இவ்விணையர் காவிரிக் கழிமுகப் பகுதியில் பணியாற்றத் தொடங்கினர். 1971இல் தமிழக அரசு இயற்றிய குடியிருப்புச் சட்டம், வேளாண் தொழிலாளர் பிறர் நிலத்தில் குடியிருந்த மனைகளை அவர்களுக்கே உரிமையாக்க வழிசெய்தது.

1981இல் இவ்விணையர் உழுபவனின் நில உரிமை இயக்கத்தை (லாப்டி) நிறுவினர். நில உரிமையாளர்களுடன் பேசி, வங்கிக் கடன் முதலியவற்றின் துணையுடன் நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்திற்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் பெண்களின் பெயரில் பதிவு செய்வது இதன் முறையாகும். ஏறத்தாழ 13,000 குடும்பங்கள் இவ்வாறு நிலம் பெற்றன. குடிசைகளுக்கு மாற்றாகச் செங்கல் வீடுகள் கட்டும் பணியையும் இவ்வியக்கம் மேற்கொண்டது. 2008இல் இவ்விணையருக்கும் இவ்வியக்கத்திற்கும் வாழ்வுரிமை விருது வழங்கப்பட்டது. ஜெகந்நாதன் 2013இல் காலமானார்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 1969இல் கறுப்பின உழவர்களுக்காக ஒரு நில அறக்கட்டளை தொடங்கப்பட்டது. இதற்குத் தூண்டுதலாக அமைந்தவற்றுள் கிராமதானமும் ஒன்று. இத்தகைய அறக்கட்டளைகளில் நிலம் அறக்கட்டளைக்கும் வீடு குடும்பத்திற்கும் உரியன. மறுவிற்பனை விலைக்கு வரம்பு உள்ளமையால், அடுத்து வரும் ஏழைக் குடும்பமும் அவ்வீட்டை வாங்க இயலும்.

அதே மாநிலத்தில் 1976இல் தொடங்கப்பட்ட ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி, 1983 முதல் இந்தியாவிலும் செயற்படுகிறது. வீடு பெறுவோர் கட்டுமானத்தில் தம் உழைப்பையும் தருதல், இலாபமற்ற கடன், திரும்பி வரும் தவணைகளைக் கொண்டு அடுத்த வீடு கட்டுதல் ஆகியவை இதன் அடிப்படை முறைகள் ஆகும்.

சமூகத்திற்கான பயன்கள்

* பாதுகாப்பு: கீற்றுக் கூரை எளிதில் தீப்பற்றும். ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதும் உண்டு. செங்கல் வீட்டில் இச்செலவு மிச்சமாகிறது. மழைக்காலத்தில் குடும்பம் பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒதுங்க வேண்டியதில்லை.
* உள்ளூர் வேலைவாய்ப்பு: செங்கல் அறுத்தல், கொத்து வேலை, தச்சு வேலை ஆகியவற்றை உள்ளூர் மக்களே செய்யும்போது கட்டுமானப் பணம் ஊரிலேயே சுழல்கிறது. கற்ற தொழில் வீடு முடிந்த பின்பும் உதவுகிறது.
* பெண்களின் நிலை: பத்திரம் பெண்ணின் பெயரில் இருந்தால் அவரது இசைவின்றி வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது.
* நிலையான வாழ்வு: குடும்பம் ஓரிடத்தில் நிலைப்பதால் பிள்ளைகளின் கல்வி தடைப்படுவது குறைகிறது. நிலையான முகவரி குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு முதலியவற்றைப் பெற உதவுகிறது.

வரம்புகள்

இத்திட்டங்களால் மிகச் சில குடும்பங்களையே அடைய முடிகிறது. பெருமளவில் வீடு கட்டித் தருவது அரசே. தமிழக அரசு 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடொன்றுக்கு 3.5 இலட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. ஆனால் இதைப் பெற மனைப் பட்டா வேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகள் மிகுந்தது. ஏரிக்கரையிலும் பிற நீர்நிலைப் புறம்போக்கிலும் குடியிருப்போருக்கு அவ்விடத்திலேயே பட்டா வழங்க இயலாது. மாற்று மனை தேவை. இவ்வாறு வாழ்வோருள் இருளர் குடும்பங்களும் உள்ளன. தொழிற்சாலைகளின் வருகையால் மாவட்டத்தில் நில விலை உயர்ந்துள்ளமையால், மனை வாங்குவது தொண்டு நிறுவனங்களுக்கும் கடினமாகிறது. மாற்று மனை வேலை கிடைக்கும் இடத்திலிருந்து வெகு தொலைவில் அமைந்தால் குடும்பங்கள் பழைய இடத்திற்கே திரும்பிவிடுவதும் உண்டு. எனவே மனை தேடுதல், பட்டா பெற்றுத் தருதல், அரசு உதவிக்கு விண்ணப்பிக்கத் துணைநிற்றல் ஆகியவை வீடு கட்டுவதற்கு இணையான பணிகளாகும்.