காவலுக்கும் காவல் வேண்டும்

திருட்டு, அடிதடி, விபத்து என எத்துன்பம் நேரினும் நாம் முதலில் நாடுவது போலீஸ் நிலையத்தையே. அங்கேயே நீதி விலைபேசப்படுமாயின், செல்வர் வேறு வழி தேடிக்கொள்வர். தோட்டப் பாட்டாளிக்கு வேறு புகலிடம் இல்லை. ஆதலால், போலீஸ் படைக்குள் லஞ்சம் புகாமல் தடுப்பது நமக்கே மிகவும் வேண்டிய காரியமாகும்.

லஞ்சம் வேரூன்றும் விதம்

படைக்குள் லஞ்சம் பெரும்பாலும் சிறு அளவிலேயே தொடங்குகிறது. சாலைச் சோதனையில் சம்மனுக்குப் பதிலாகச் சில ரிங்கிட் கைமாறுகிறது. அதனைக் கண்ட சக ஊழியர், நட்பு கருதியோ பகைக்கு அஞ்சியோ வாய் திறவாதிருக்கிறார். அம்மௌனமே குற்றத்திற்கு நிழலாகிறது. ஒருமுறை கைநீட்டியவரைச் சூதாட்டக் கும்பலும் போதைப்பொருள் வணிகரும் எளிதில் தம் வசப்படுத்திவிடுவர். இவ்வாறு, கடமை தவறாத பலரின் நற்பெயரையும் ஒரு சிலர் கெடுத்துவிடுகின்றனர்.

தம்மவரைத் தாமே விசாரிக்கலாமா?

பால் நிறுக்கும் கொட்டகையில், நிறுப்பவரே கணக்கெழுதி அவரே சரிபார்த்தும் கொண்டால் நமக்கு நம்பிக்கை பிறக்குமா? நேர்மையானவராயினும், மற்றொருவர் பார்வை இருத்தல் அவருக்கும் நன்று. போலீஸ் படைக்கும் இஃது பொருந்தும்.

பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த சிங்கப்பூரில் லஞ்சக் குற்றங்களை விசாரிக்கும் பொறுப்பு, போலீஸ் படையின் ஒரு சிறு பிரிவிடமே இருந்தது. 1951 அக்டோபரில் அங்கு ஏறக்குறைய 4 லட்சம் வெள்ளி மதிப்புள்ள 1,800 ராத்தல் அபின் கொள்ளையிடப்பட்டது. அக்கொள்ளையில் போலீஸ் துப்பறிவாளர் மூவருக்கும் பங்கிருந்தது! தம்மவரைத் தாமே விசாரித்தல் போதாதென்பது தெளிவாகவே, 1952இல் படைக்கு வெளியே தனி லஞ்சப் புலனாய்வுப் பிரிவு அமைக்கப்பட்டது.

நம் நாட்டின் ஏற்பாடுகள்

நம் நாட்டில் 1967இல் ஊழல் தடுப்பு நிறுவனம் தோன்றியது. 2009 முதல் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் அப்பொறுப்பை ஏற்றுள்ளது. 2004இல், முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ஜைடின் அப்துல்லா தலைமையில் அமைந்த அரச ஆணையம் போலீஸ் படையை ஆராய்ந்து, மறு ஆண்டில் 125 பரிந்துரைகளை முன்வைத்தது. போலீசார் மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சை ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

நெடிய விவாதத்திற்குப் பின், 2023 ஜூலை 1ஆம் தேதி சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் செயற்படத் தொடங்கியது. இது விசாரிக்கும், ஆனால் தண்டிப்பதில்லை. ஒழுங்குக் குற்றமாயின் போலீஸ் படை ஆணையத்திற்கும், லஞ்சமாயின் ஊழல் தடுப்பு ஆணையத்திற்கும் தன் முடிவை அனுப்பும். 2005இல் கருதப்பட்ட ஆணையத்திற்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் இருந்தது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம். படைக்குள்ளேயும், 2014இல் அமைக்கப்பட்ட புக்கிட் அமான் நேர்மை, தரநிலைத் துறை கண்காணித்து வருகிறது.

நம் கடமை

வாங்கும் கை ஒன்றெனில் கொடுக்கும் கை மற்றொன்று. லஞ்சம் கொடுப்பவருக்கும் 20 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. லஞ்சத் தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இவற்றுள் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் உண்டு. நம்மிடம் லஞ்சம் கேட்கப்பட்டால் அதனை விரைவில் புகார் செய்வதும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி நம் கடமையாகும். தக்க காரணமின்றி மறைப்போருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

எனவே, சம்மன் கிடைப்பின் அதனை ஏற்று, உரிய முகப்பிலோ இணையம் வழியாகவோ செலுத்தி ரசீது பெறுவோம். எவரேனும் பணம் கேட்பின், நாள், நேரம், இடம், அதிகாரியின் எண், வாகன எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு ஊழல் தடுப்பு ஆணையத்திடம் தெரிவிப்போம். தகவல் தருவோரின் அடையாளத்தை மறைத்துக் காக்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. ஆயினும், அப்பாதுகாப்பை நாடுவோர் செய்தியை அதிகாரிகளிடமே கூற வேண்டும். கடைத்தெருவிலும் கைப்பேசியிலும் பரப்புதல் கூடாது.

ஐம்பது ரிங்கிட்டில் தொல்லை தீர்ந்தது என எண்ணுவது பிழை. நாளை நம் பிள்ளைக்கு ஒரு தீங்கு நேர்ந்து நாம் நீதி கேட்டுச் செல்லும்போது, எதிரியிடம் ஐந்நூறு ரிங்கிட் இருக்கக்கூடும். இன்று நாம் கொடுக்க மறுப்பது, அந்நாளில் நமக்குத் துணை நிற்கும்.