வாக்குறுதியும் வினைமுற்றும்

ஆட்சியாளரும் தேர்தலில் நிற்போரும் கூறும் உறுதிமொழிகளைக் கேட்கும்போது நாம் பெயர்ச்சொற்களையே பெரிதும் கவனிக்கிறோம். பள்ளி, சாலை, வேலை என்பன செவிக்கு இனிக்கின்றன. ஆனால் வாக்கின் வலிமை வினைமுற்றில் தங்கியிருக்கிறது.

கோலார் தங்கவயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப்ஸை எடுத்துக்கொள்வோம். தமிழ்த் தொழிலாளர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்த அவ்வயலின் சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் மத்திய அரசின்கீழ் இயங்கி, 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. வேலையிழந்த ஊரில், எதிர்காலம் பற்றிய ஒவ்வொரு சொல்லும் எடைபோட்டுக் கேட்கத் தக்கது.

"சுரங்கம் திறக்கப்படும்" என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். இது செயப்பாட்டுவினை. திறப்பவர் யாரென்பது இதில் இல்லை. திறவாதொழிந்தால் கேட்பதற்கும் ஆளில்லை. "திறப்போம்" என்றால், ‘ஓம்’ என்னும் விகுதி பேசுவோரைப் பொறுப்பில் நிறுத்துகிறது. ஆயினும் அவ்விகுதி ‘நாங்கள்’, ‘நாம்’ இரண்டிற்கும் பொது; கேட்பவரையும் உளப்படுத்திப் பாரத்தைப் பகிர்கிறதா என்று பார்க்க வேண்டும். "திறக்க முயல்வோம்" என்பது முயற்சிக்கு மட்டுமே உறுதி கூறுகிறது. "திறக்க எண்ணியுள்ளோம்" என்பது எண்ணத்தைத் தெரிவிப்பதோடு நிற்கிறது. "ஆவன செய்யப்படும்" என்பதிலோ செய்பவரும் இல்லை, இன்ன செயல் என்பதும் இல்லை.

இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுட்பமன்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 14 வயது நிறையும்வரை இலவசக் கட்டாயக் கல்வியை 10 ஆண்டுகளுக்குள் வழங்க அரசு ‘முயலும்’ என்றது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பெற்ற 21-ஏ பிரிவு, 6 முதல் 14 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு அக்கல்வியை அரசு ‘அளிக்கும்’ என்று கூறி, அதனை அடிப்படை உரிமைகளுள் வைத்தது. முயற்சி கடமையாயிற்று.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மிக நெருங்கியது, 1956-இல் சேர்க்கப்பெற்ற 350-ஏ பிரிவு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்ய மாநிலங்களும் உள்ளாட்சிகளும் ‘முயல வேண்டும்’ என்பதே அதன் கருத்து. நம் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு இங்கு அந்த ஒரு வினையைச் சார்ந்து நிற்கிறது. முயற்சியை நினைவூட்டிக் கேட்பது நம் பொறுப்பாகும்.

ஆகவே, மேடையிலோ செய்தித்தாளிலோ ஒரு வாக்குறுதி வரும்போது மூன்று கேள்விகள் கேட்போம். செய்பவர் யார்? செயல் யாது? எப்போது செய்வார்? மூன்றிற்கும் விடை தருவதே வாக்குறுதி, ஏனையவை விருப்பங்களே.