நம் கடைப் பாசியும் மன்னார் வளைகுடாத் தீவுகளும்



விடுமுறை வந்தால் நம் பிள்ளைகள் அந்தமான் என்கிறார்கள், மாலத்தீவு என்கிறார்கள். தவறில்லை. ஆனால் மதுரையில் விடியற்காலம் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டிற்குள் போய்ச் சேரும் தூரத்தில் நமக்கென்று ஒரு தீவுக்கூட்டம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நமக்கே வெகுநாள் தெரியாமல்தான் இருந்தது.

தூத்துக்குடி தொடங்கிப் பாம்பன் வரை, கரையை ஒட்டினாற்போல் நீண்டு கிடப்பவை மன்னார் வளைகுடாத் தீவுகள். கணக்கில் 21. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகப் பிரித்துச் சொல்வார்கள். முயல் தீவு, மனோலி, குருசடை, முள்ளி, வாழைத் தீவு, தலையாரி, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காரைச்சல்லி, வான் தீவு என்று பெயர்கள் எல்லாம் நம் ஊர்ப் பெயர்களே. எதிலும் ஊர் கிடையாது. பவளப் பாறையும் மணலும் சேர்ந்து உண்டான சின்னஞ்சிறு திட்டுகள். இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் 1986-இல் அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் வளைகுடா முழுவதும் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

மதுரைக்கும் இந்தக் கடலுக்கும் உள்ள கணக்கு மிகப் பழையது. பாண்டியன் கொற்கை முத்து இங்கே எடுத்ததுதான். மார்க்கோ போலோ வியந்து எழுதியதும் இந்த முத்துக்குளிப்பையே. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. கீழக்கரை மரைக்காயர்களின் கப்பல் வாணிபமும் இக்கரையில் வளர்ந்ததே. ராமேஸ்வரம் பக்கத்தில் தென்கடலை ஆண்கடல் என்றும், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தை பெண்கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். ஆடிக் காற்றில் ஆண்கடலைப் பார்த்தவர்களுக்குப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

இனி நம் வியாபாரத்திற்கு வருவோம். ரம்ஜான் மாதத்தில் கேட்டு வாங்கும் கடல்பாசியை, சைனா கிராஸ் என்றே பில் போட்டு விற்கிறோம். ஜிகர்தண்டாக் கடைக்காரர்களில் சிலரும் அதை வாங்குகிறார்கள். ஒரு வாடிக்கையாளர் "இது எங்கிருந்து வருகிறது, ஐயா?" என்று கேட்டபோது, பெயரைப் பார்த்து "சீனாவிலிருந்து" என்று கூசாமல் சொல்லியிருக்கிறோம்! பின்னர் சரக்கு விசாரித்தபோதுதான், பாசி காய்ச்சும் ஆலைகள் நம் மதுரை வட்டாரத்திலேயே இருப்பதும், அவற்றிற்கு மூலப் பொருள் இந்தத் தீவுகளின் ஓரத்துப் பாறைகளில் விளையும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் என்பதும் தெரிந்தது. இரண்டாம் உலகப் போர் வரை இத்தொழில் பெரும்பாலும் ஜப்பான் கையில்தான் இருந்தது. போரில் அந்தச் சரக்கு நின்ற பிறகே மற்ற நாடுகள் தத்தம் கடலைத் தேடத் தொடங்கின. இன்று மருத்துவ ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கும் இப்பாசிக் கூழ்தான் பயன்படுகிறது.

பாசி எடுப்பவர்கள் பெண்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களில், பாட்டி, தாய், மகள் என்று தலைமுறையாக இத்தொழில் நடக்கிறது. நாம் குடும்பத்துடன் ராமேஸ்வரம் சென்றபோது அவர்களில் ஓர் அம்மாவிடம் பேச நேர்ந்தது. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு மூழ்குகிறார்கள். அப்படியும் பாறை கிழிக்கிறது. "நாங்க பறிக்கிறது உங்க கடையில என்ன விலைங்கய்யா?" என்று அந்த அம்மா கேட்டார். சொன்னோம். அவர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். ஊர் திரும்பும் வரை அந்தச் சிரிப்பு மனதை விட்டுப் போகவில்லை.

தேசியப் பூங்காவானபின் தீவுகளில் இறங்க அனுமதி இல்லை. பவளப் பாறை அழிந்தால் மீன் குஞ்சுக்கு இடமில்லை, கரைக்குக் காப்பில்லை என்ற வனத்துறையின் நியாயத்தை மறுக்க முடியாது. முன்பு சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் பாறையை வெட்டியதன் பலனை நாம் கண்டோம். தூத்துக்குடித் தொகுதியில் விலாங்குச்சல்லியும், கீழக்கரைத் தொகுதியில் பூவரசன்பட்டியும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. கரைந்து வரும் வான் தீவைக் காக்கச் செயற்கைப் பார்களை இறக்கியிருக்கிறார்கள். அதே சமயம், பரம்பரைத் தொழிலை விட்டால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இதற்கு முன்நின்ற சின்னப்பாலத்துப் பெண்மணி ஒருவருக்கு 2015-இல் அமெரிக்க அமைப்பொன்று பரிசளித்துப் பாராட்டியது. முதலைத் தின்னாமல் லாபத்தில் வாழும் இந்தக் கணக்கு, வியாபாரிகளான நமக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

போய்ப் பார்க்க விரும்புவோர் தை, மாசி, பங்குனியில் போகலாம். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று தெற்கே பார்த்தாலே குருசடை முதலிய தீவுகள் பச்சைக் கோடாகத் தெரியும். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம், அதற்கு முன் ரயில் ஓடியது 1914-இன் பழைய பாலத்தில். 1897-இல் சுவாமி விவேகானந்தர் வந்திறங்கிய குந்துகாலில் நினைவு மண்டபம் உள்ளது. அங்கிருந்து வனத்துறை குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது. காற்றைப் பொறுத்து நிறுத்துவார்கள். ஆகவே முன்கூட்டி விசாரித்துச் செல்க. கடல்புல் மேயும் ஆவுளியா என்னும் கடல்பசுவுக்காக 2022-இல் பாக் நீரிணையில் தனிக் காப்பகமே அறிவித்திருக்கிறார்கள்.

நிறைவாக, நாம் செய்யக்கூடியவை இரண்டு. கடல்பாசி கேட்டு வருவோரிடம் அது நம் கடல் சரக்கு என்று சொல்லி விற்போம். மாட்டெலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் வேறு, இது முழுக்க சைவம் என்பதையும் சொன்னால் விற்பனையும் கூடும். இரண்டாவது, ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தும், பல கடைகளில் கேரி பை கல்லாவிற்கு அடியில்தான் இருக்கிறது. நம் கடை வாசலில் பறக்கும் பை வைகையில் விழுகிறது. வைகை போகும் திசையும் கடல்தான். அந்த அம்மா கேட்ட விலைக் கேள்விக்கு நம்மால் முழுப் பதில் சொல்ல முடியாது. அவர் மூழ்கும் கடலில் நம் கடைப் பை மிதக்காமல் பார்த்துக்கொள்ள முடியும்.