பழைய சைக்கிளை விற்குமுன் கவனிக்க வேண்டியவை

நெசவாளிக்குத் தறியும் விவசாயிக்கு ஏரும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமாக இருவருக்கும் ஒரு காலத்தில் சைக்கிள் இருந்தது. சங்கத்தில் நூல் வாங்கி வீட்டுக்குக் கொண்டு சென்றதும், நெய்த சேலையைத் திரும்பக் கொணர்ந்து ஒப்படைத்ததும் அதன்மீதே. 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், சுற்றுக் கிராமத்தாரை ரயிலடியில் கொண்டு சேர்த்ததும் அதுவே. அச்சைக்கிள்களுள் சில இன்றும் கொட்டகை மூலைகளில் தூசி படிந்து நிற்கின்றன.

வீட்டில் பணமுடை வரும்பொழுது முதலில் வெளியேறுவது இத்தகைய பொருள்தான். கடன் தவணை நெருங்குகிறது. தெருவில் பழைய இரும்பு வாங்குவோன் குரல் கேட்கிறது. தகப்பனாரின் சைக்கிள் தராசில் ஏறிவிடுகிறது. அது எடைக்குத்தான் தகுந்ததாயின் வருத்தமில்லை. ஆனால் பழைய சைக்கிள்களைத் தேடி வாங்கும் ஆர்வலர் இன்று பலர் இருக்கின்றனர். ஆகவே விற்குமுன் அது இன்ன பொருள் என்று அறிந்துகொள்வது ஒவ்வோர் அங்கத்தினருக்கும் நன்மை பயக்கும்.

மூன்று விலைகள்

ஒரு பழைய சைக்கிளுக்கு மூன்று விலைகள் உண்டு. முதலாவது, எடை விலை. கனத்த பழைய மாதிரிச் சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். அன்றைய இரும்பு விலையால் பெருக்கினால் இது கிடைத்துவிடும். இரண்டாவது, உபயோக விலை. ஏறி ஓட்ட விரும்புபவர் கொடுப்பது. மூன்றாவது, அருமை விலை. அந்தத் தயாரிப்பு, அந்தக் காலம், அந்த அசல் நிலை ஆகியவற்றுக்காகச் சேகரிப்போர் கொடுப்பது. விற்பவர் முதல் விலையை மட்டும் அறிந்து, வாங்குபவர் மூன்றையும் அறிந்திருந்தால், அது சமமான பேரமாகாது.

பிறந்த ஊர் எது?

பெயரை மட்டும் கொண்டு முடிவு செய்வது தவறு. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்து ராலி, பர்மிங்ஹாம் நகரத்து பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் முதலியவை முற்காலத்தில் நம் நாட்டில் இறக்குமதியாயின. சுதந்திரத்துக்குப் பின் உள்நாட்டுத் தொழில் வளர்ந்தது. 1949-இல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாரும் கூடித் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களையும், பின்னர் பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களையும் தயாரித்தது. மேற்கு வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலி தொழிற்சாலை இயங்கியது. ஆகவே ஒரே பெயர் இங்கிலாந்துச் சைக்கிளிலும் இருக்கும், இந்தியச் சைக்கிளிலும் இருக்கும். இரண்டையும் விரும்புவோர் உளர்; ஆனால் விலை ஒன்றாயிராது. எனவே முன்புறக் குழாயிலுள்ள உலோக முத்திரையில் ஊரும் நாடும் எவ்வாறு பொறிக்கப்பட்டுள்ளன என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

முத்திரை விழுந்து போயிருந்தால் வேறு அடையாளங்களைத் தேடலாம். செயின் ஓடும் முன்சக்கரத்தின் வடிவம் பெரிதும் துணை செய்யும். ராலியில் நாரைத் தலைகளும், ரட்ஜில் விரித்த கையும், பி.எஸ்.ஏ.வில் அம்மூன்று எழுத்துக்களும் அதிலேயே வெட்டப்பட்டிருக்கும். ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் பி.எஸ்.ஏ.யின் சின்னம், அந்நிறுவனம் துப்பாக்கி செய்வோரால் 1861-இல் தொடங்கப்பட்டது என்பதே காரணம். ஹம்பர் சைக்கிளின் முன்போர்க்கில் பக்கத்துக்கு இரண்டாக மெல்லிய குழாய்கள் இறங்குவதைக் காணலாம். ஆயினும் ஹம்பர் 1932-லும், ரட்ஜ் 1943-லும் ராலியின் கைக்கு வந்துவிட்டன. ஆதலால் பிந்திய காலத்துச் சைக்கிள்களில் பல உறுப்புகள் பொதுவாயிருக்கும்.

நல்ல மெக்கானிக் ஒருவர் இன்னொரு சோதனையும் செய்யலாம். பெடல் அச்சைத் தாங்கும் கிண்ணத்தின் மரை, பெரும்பாலான சைக்கிள்களில் ஓர் அங்குலத்துக்கு 24 புரி. நாட்டிங்ஹாம் ராலியிலோ 26. வண்ணமும் முத்திரையும் அழிந்தாலும் மரை பொய் சொல்லாது.

வயதை அறிதல்

பிரேமின் எண் பெரும்பாலும் சீட்டுக்குக் கீழுள்ள இணைப்பிலோ, பெடல் அச்சுக் கூட்டின் அடியிலோ அடிக்கப்பட்டிருக்கும். மெழுகு படிந்திருந்தால் மெல்லத் துடைத்து, எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். சுரண்டுதல் கூடாது.

பின்சக்கரத்தில் மூன்று வேகம் கொண்ட ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் இருந்தால் அது பெரிய உதவி. 1950-களில் வெளிவந்த பல ஹப்களின் மேல் ஆண்டின் கடைசி இரு எண்களும், அருகே மாத எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. 58 என்பதை அடுத்து 6 என்றிருந்தால், 1958 ஜூன் என்று கொள்ளலாம். ஆனால் இது ஹப்பின் வயதே. சக்கரம் பின்னால் மாற்றப்பட்டதா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

பழைய பஞ்சாயத்து, நகரசபை வரி வில்லைகள் சில சைக்கிள்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். வில்லையிலுள்ள ஆண்டு, சைக்கிள் செய்யப்பட்ட ஆண்டன்று. அந்த ஆண்டில் அது ஓடியது என்பதற்கு அத்தாட்சி. வாங்கிய ரசீது பெட்டியடியில் இருந்தால் அதற்கு மேலான சான்று வேறில்லை. இவற்றைக் களைந்து எறிவது, பத்திரத்தைக் கிழித்துவிட்டு நிலத்தை விற்பதற்கு ஒப்பாகும்.

அசலும் மாற்றும்

சேகரிப்போர் முதலில் பார்ப்பது அசல் வண்ணம். கறுப்பு வண்ணமும் அதன்மேல் ஓடும் பொன்னிறக் கோடுகளும் மங்கியிருந்தாலும் மதிப்புடையவை. விலை கூடும் என்று நினைத்துப் புது வண்ணம் அடிப்பதும், முலாம் பூசுவதும் பலமுறை விலையைக் குறைத்துவிடுகின்றன. உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்து, சுழலும் இடங்களில் சிறிது எண்ணெய் விட்டால் போதும். எழுத்துகள் உள்ள இடத்தில் மண்ணெண்ணெய் படக்கூடாது.

பின்வரும் உறுப்புகள் உள்ளனவா என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும்: கம்பி பிரேக், முழு செயின் கவர், மட்கார்டு, மணி, விளக்கு, டைனமோ, தோல் சீட்டு, பம்பு. தோல் சீட்டில் புரூக்ஸ் என்ற பெயர் அழுந்தியிருந்தால், கிழிந்திருந்தாலும் எறியலாகாது. கழற்றிப் பரணில் போட்ட உறுப்புகளையும் தேடி எடுத்து உடன் வைக்க வேண்டும். பிரேமில் வெடிப்பு, பற்றுவைப்பு, உள்துரு ஆகியவை இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. புதிதாக அச்சிட்ட எழுத்துகளையும், புதிதாக வார்த்த முத்திரைகளையும் சாதாரணச் சைக்கிளில் பொருத்தி அரும்பொருள் என்று விற்பாரும் உளர். பழையது என்பதால் மட்டும் எதுவும் அருமையாகிவிடாது. லட்சக்கணக்கில் வெளிவந்த மாதிரி, உறுப்புகள் குறைந்து துருவேறியிருந்தால், உபயோக விலைக்கு மேல் எதிர்பார்ப்பது வீண்.

மதிப்பிடும் முறை

அதே தயாரிப்பு, ஏறத்தாழ அதே நிலையிலுள்ள சைக்கிள்கள் உண்மையில் என்ன விலைக்கு விற்றன என்று குறைந்தது மூன்று இடங்களில் விசாரிக்க வேண்டும். கேட்கும் விலை வேறு, கைக்கு வந்த விலை வேறு. முறையை விளக்குவதற்காக மட்டும் சில தொகைகளை எடுத்துக்கொள்வோம். முழுமையான சைக்கிள்கள் மூன்று 9,000, 11,000, 16,000 ரூபாய்க்கு விற்றன என்றால், நடுவிலுள்ள 11,000 நமக்கு அடிப்படை. நம்மிடம் செயின் கவர் இல்லை, அதற்கு 1,200. விளக்கு இல்லை, அதற்கு 600. டயர்கள் மாற்ற 1,200. ஆக 3,000 ரூபாயைக் கழித்தால் 8,000 நியாயமான மதிப்பு. எடை விலை, கிலோ 30 ரூபாய் வீதம், 600 மட்டுமே. இவ்விரு தொகைகளுக்கும் உள்ள இடைவெளியே, விசாரிக்காமல் விற்பவரின் நஷ்டம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழம்பொருள்கள் பல விற்பனைக்கு வருகின்றன. ஒரு வாரம் வெறுங்கையுடன் சென்று விலை கேட்டறிந்து, மறுவாரம் பொருளுடன் செல்வது விவேகம். விற்கும்பொழுது பிரேம் எண், தொகை, தேதி, இருவர் கையொப்பம் ஆகியவை கொண்ட சீட்டு எழுதி ஒரு பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். தகப்பனார் விட்டுச்சென்ற பொருளாயின், உடன்பிறந்தார் அனைவரின் சம்மதமும் முன்னரே பெறப்படுதல் நலம்.

சங்கத்துச் சைக்கிள்கள்

சங்கங்களின் தளவாடப் பதிவேட்டிலும் இத்தகைய சைக்கிள் இருக்கக்கூடும். ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து, கணக்கில் அதன் மதிப்பு 1 ரூபாய் என்று நிற்கும். அது ஏட்டு மதிப்பேயன்றிச் சந்தை மதிப்பு அன்று. ஏட்டு மதிப்பைக் காட்டி ஒருவருக்குக் கொடுத்துவிடுவது அங்கத்தினர் அனைவரின் சொத்தையும் இழப்பதாகும். நிர்வாகக் குழுவின் தீர்மானமும், விதிப்படி பெறவேண்டிய அனுமதியும் பெற்று, அறிவிப்புச் செய்து, பலர் அறிய ஏலத்தில் விற்பதே முறை.

கடைசியாக ஒன்று. அவசரத்தில் விற்பவருக்கு விலை சொல்லும் உரிமை இல்லை. தவணை தவறும் நிலை வந்தால், பொருளைத் தராசில் ஏற்றுமுன் சங்கக் காரியதரிசியிடம் நிலைமையைச் சொல்லி, அவகாசம் கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டு வார அவகாசம் கிடைத்தாலும், அது மேற்கூறிய விசாரணைகளை எல்லாம் செய்து முடிக்கப் போதுமானது.